எங்கள் வீட்டில் நடந்த அரபுக்காரரின் முப்பத்தோராம் நாள்

எங்கள் அன்பு அப்பா கொட்டாஞ்சேனையில் பிறந்து வெள்ளவத்தையில் நிறைவெய்தினார். இடையில் சில ஆண்டுகள் குவைத்தில் களஞ்சிய எழுதுவினைஞராக இருந்தார். அங்கே போனவர்கள் தங்கம் கொண்டு வந்தார்கள். அப்பா ஓர் அரபு நாடகாசிரியரின் புத்தகங்களைக் கொண்டு வந்தார். அம்மா அதை இன்றுவரை மன்னிக்கவில்லை.

அந்த மனிதரின் வரலாறு எங்களுக்குச் சோற்றோடு ஊட்டப்பட்டது. முதல் நாடகத்தை அவருடைய அரசாங்கமே தடை செய்தது. அடுத்ததற்கு மண்டபம் கிடைக்காமல், ஒரு கல்யாண வீட்டில் விருந்தாளிகளுக்கு நடுவே நடத்தினார். பிறகு நாடுவிட்டு நாடு அலைந்து, நோயோடும் எழுதினார். அவரைப் படித்த அரபு இளைஞர்கள் இன்றும் வீடுகளிலும் தேநீர்க் கடைகளிலும் நாடகம் போடுகிறார்களாம்.

அவருடைய நாடகமொன்றில் ஒரு பாலத்துக் காவலன், போவோர் வருவோரையெல்லாம் யார், எங்கே, ஏன் என்று கேட்டுக் கேட்டுக் கடைசியில் தன் பெயரையே மறந்துவிடுவான். பாண் வாங்கப் போவதற்கே அடையாள அட்டை காட்ட வேண்டியிருந்த யுத்தகாலத்தில், அதைத் தமிழில் மேடையேற்றியே தீருவேன் என்று அப்பா ஒற்றைக்காலில் நின்றார். பொலிஸ் அனுமதி கேட்க என்னையும் கூட்டிக்கொண்டு போனார்.

"எழுதின ஆளைக் கூட்டிட்டு வாங்க. அவர்தான் சைன் வைக்கணும்" என்றார் அதிகாரி.

"அவர் இந்த மாதம்தான் செத்துப்போனார், சேர்."

"அனே, பவ்" என்று அதிகாரி சிங்களத்தில் உண்மையாகவே வருந்தினார். "அப்ப சாவு வீட்டு வேலையைப் பாருங்க, மாத்தயா. அதுக்குப் பெர்மிஷன் வேணாம்."

வீடு வரும்வரை அப்பா சிரித்துக்கொண்டே நடந்தார்.

அடுத்த கிழமை எங்கள் ஒழுங்கையில் வெள்ளைக் கொடிகள் பறந்தன. அரபுக்காரரின் படத்தோடு, முப்பத்தோராம் நாள் நிகழ்வுக்கு அழைக்கும் கண்ணீர் அஞ்சலி ஒட்டப்பட்டது. அதைக் கண்ட உறவினர் வெள்ளை உடுத்து, சாவு வீட்டு வழக்கப்படி கடதாசியில் சுற்றிய சீனிச் சரைகளோடு வந்து சேர்ந்தார்கள். அப்பாவின் அக்கா, வத்தளை மாமி, படத்தைக் கண்டதுமே ஒப்பாரி வைத்தார். அழுது முடித்த பிறகுதான் கேட்டார்.

"தம்பி, ஆரடா இது? மூக்கு எங்கட அப்புவின்ர மூக்கு."

நாடகம் முன்னறையில் தொடங்கியது. காவலனாக அப்பா நின்றார். அந்நேரம் பார்த்து, வெள்ளைச் சாறம் உடுத்து அதே அதிகாரி அஞ்சலி செலுத்த வந்து முன்வரிசையில் அமர்ந்தார். அப்பாவை அழைத்துக்கொண்டு போய்விடுவார்கள் என்றே நினைத்தேன். அப்பா ஒரு வசனத்தையும் விடவில்லை. காவலன் மூன்றாவது ஆளை மறித்தபோது, முதலில் சிரித்தவர் அதிகாரி.

போகும்போது அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "செத்த மாத்தயா எங்கட டியூட்டியும் செஞ்சிருக்கார் போல."

சென்ற மாதம் அப்பா காலமானபோது மாமிக்குத் தொலைபேசியில் அறிவித்தேன்.

"இதுவும் நாடகமோ, பிள்ளை?"

"இல்லை மாமி."

அப்பாவின் இறுதிக் கிரியைகளில் தோள் கொடுத்தவர்களுக்கும், தேநீர் ஊற்றி உதவிய அயலவர்களுக்கும், எங்கள் குடும்பத்தில் ஒருவராகவே மறைந்த அந்த அரபுக்காரருக்கும் எங்கள் நன்றி. மாமிக்குத் தனியாக நன்றி. அவர் வந்து, அழாமல், பெட்டிக்குப் பக்கத்தில் வெகுநேரம் நின்றார். பிறகு குனிந்து மெதுவாகச் சொன்னார்.

"தம்பி, ஆக்கள் எல்லாரும் வந்திட்டினம். எழும்பு."