விண்மீன் கூட்டத்துக்கு நாலாவது சைகை

மர அறுவை மில்லில் தலை நரைக்கும்வரை வேலை பார்த்துவிட்டு, பத்து விரலையும் முழுசாக வீட்டுக்குக் கொண்டுவந்தவர் மீசைக்காரர் ஒருவர்தான். மற்றவர்களில் முக்கால்வாசிப் பேர் ரம்பத்துக்கு ஒரு விரலாவது காணிக்கை கொடுத்திருந்தார்கள். "காது கேக்காத ஆளு, இவன்தான் முதல்ல மாட்டுவான்னு நினைச்சோம். கடைசியில எங்க கையைத்தான் அவன் கட்டுப்போட்டு அனுப்பினான்" என்பார் மில் மேஸ்திரி. அதில் அதிசயம் ஒன்றுமில்லை. அவருக்கு விரல்தான் வாய். வாயை யாராவது ரம்பத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோவார்களா?

அந்த வாயில் பாதி, ஒருநாள் காலையில் பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போது போய்விட்டது. பக்கவாதம். வலது கை நனைந்த துண்டைப் போலத் தோளிலிருந்து தொங்கியது. இடது கைக்கு ஒன்றுமில்லை. இருந்தும் அவர் பேசுவதை நிறுத்திவிட்டார். சைகைக்கு இரண்டு கை வேண்டும். ஒரு கையால் பேசுவது அவருக்கு நாக்குக் குழறிப் பேசுகிற மாதிரி. மானம் போகிற காரியம். மகள் ஏதாவது கேட்டால், வேண்டும் என்பதற்குக் கண்ணை மூடுவார், வேண்டாம் என்பதற்குச் சுவர் பக்கம் திரும்பிக்கொள்வார். மூன்று மாதமாக அந்த வீட்டில் நடந்த பேச்சு அவ்வளவுதான்.

மகளுக்குப் பேச்சே தொழில். கோர்ட்டிலும் ஆஸ்பத்திரியிலும் சைகை மொழிபெயர்ப்பாளர். காது கேளாத இரண்டு பேருக்குக் காது கேட்கிற பிள்ளையாகப் பிறந்ததால், வாய் வருவதற்கு முன்பே கை வந்தவள். வீட்டுக்காரர் வாடகையை ஏற்றியதை, பள்ளிக்கூடத்தில் தன்னைப் பற்றிச் சொன்ன புகாரை, எல்லாவற்றையும் அவள்தான் பெற்றவர்களுக்குச் சொல்ல வேண்டியிருந்தது. அம்மாவுக்கு வயிற்றில் இருப்பது என்ன கட்டி என்று டாக்டர் சொன்னதை அம்மாவுக்குச் சொன்னதும் அவள் கைதான். இப்போது அம்மா இல்லை. அப்பா இருந்தும் பேச்சில்லை. அவர் தன்னிடம் ஒரு வார்த்தை பேசிவிட மாட்டாரா என்று இருந்தது அவளுக்கு. திட்டினால்கூடப் போதும்.

அகராதிக்காரி வந்தது ஒரு மத்தியானம். சைகை அகராதி தயாரிக்கிற குழுவில் இருப்பவள். கூடவே ஒரு கேமராக்காரரும் வந்தார்.

"எழுத்துல விண்மீன் கூட்டம், உடுத்தொகுதி, நட்சத்திர மண்டலம், எல்லாத்துக்கும் பொருள் ஒண்ணுதான்னு போட்டுட்டோம்க்கா. சைகையிலயும் மூணு கிடைச்சிருக்கு. நாலாவதா ஒண்ணு உங்க அப்பா படிச்ச ஸ்கூல்ல இருந்துச்சாம். அவரோட படிச்ச ஒரு டெய்லர் சொன்னார்."

"அவரே காட்டலையா?" கேட்டதையெல்லாம் அப்பாவுக்குக் கையாலும் சொல்லிக்கொண்டே வந்தாள் மகள்.

"அது ஒத்தை ஆளு போடற சைகை இல்ல, மீசையைப் போய்ப் பாருங்கன்னுட்டார். ஹாஸ்டல்ல விளக்கை அணைச்சப்புறம் போடறதாம். இருட்டுல சைகை எப்படித் தெரியும்? ஒண்ணும் புரியலக்கா."

"எங்க வீட்டுச் சைகை எனக்குத் தெரியாதா? இதான்." மகள் இரண்டு கை விரல்களையும் தலைக்கு மேலே மினுக்கிக் காட்டி, ஒன்றாகக் குவித்தாள்.

"அது ஏற்கெனவே எடுத்தாச்சே. இன்னொண்ணு புள்ளி வெச்சு இணைக்கறது. இன்னொண்ணுல நட்சத்திரத்தைப் போட்டுட்டுக் கூட்டத்தைப் போடறாங்க."

"அது ஏதோ மாநாட்டுக் கூட்டம் மாதிரி இருக்கும்" என்றார் கேமராக்காரர். "மைக் மட்டும்தான் குறைச்சல்."

கட்டிலிலிருந்து ஒரு உறுமல் வந்தது. மூன்று பேரும் திரும்பினார்கள். மீசைக்காரர் மகளைப் பார்த்துத் தலையை ஆட்டினார். அது இல்லை.

மகள் ஒரு அடி எடுத்து வைக்கப் பார்த்து நின்றுவிட்டாள். பக்கத்தில் போனால் அவர் சுவர்ப் பக்கம் திரும்பிவிடுவாரோ என்று பயம்.

போர்வைக்குள்ளிருந்து இடது கை வெளியே வந்தது. வலது கையைப் பிடித்து இழுத்து மடியில் போட்டது. மூடிக் கிடந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தது. பிறகு ஆள்காட்டி விரலால் அந்த உள்ளங்கையில் இங்கே ஒரு குத்து, அங்கே ஒரு குத்து, மணிக்கட்டுப் பக்கம் ஒன்று. குத்திய இடங்களைக் கட்டைவிரல் நகம் ஒரே இழுப்பில் இணைத்தது.

அகராதிக்காரிக்குப் புரிந்துவிட்டது. "கையிலயே போடறதா! ஜன்னல்ல தெரியறதைப் பக்கத்துக் கட்டில்காரன் கையில குத்திக் காட்டியிருக்காங்க."

மீசைக்காரர் தன் வலது உள்ளங்கையையே பார்த்துக்கொண்டிருந்தார். கதவைத் தட்டிவிட்டு, உள்ளே ஆள் இல்லை என்று தெரிந்தும் நிற்பவரைப் போல.

"வேற பொருள் எதுக்காவது இதைப் போடுவாங்களான்னு கேளுங்கக்கா."

மகள் கேட்டாள். அவர் கொஞ்சம் யோசித்தார். இறந்துபோன மனைவியின் படத்தைக் காட்டினார். சுவரிலிருந்த சுவிட்சைக் காட்டி, வேண்டாம் என்று விரலை ஆட்டினார். கடைசியில் மகளைக் காட்டி, கையைக் கன்னத்தில் வைத்துத் தலையைச் சாய்த்தார்.

மொழிபெயர்ப்பாளர் பழக்கத்தில் மகள் வாய்விட்டுச் சொன்னாள்: "வீட்டுல இதுக்கு வேற பொருள். விளக்கைப் போடாதே, புள்ள தூங்குது."

சொல்லி முடித்த பிறகுதான் அந்தப் புள்ள யார் என்று அவளுக்கு உறைத்தது. வெளிச்சத்தில் தூக்கம் வராது என்று சின்ன வயதில் அவள் செய்த ரகளை கொஞ்சநஞ்சமில்லை. அவளுக்காக அவர்கள் விளக்கை அணைத்தார்கள். அதோடு இருவருக்கும் பேச்சும் போயிற்று என்றுதான் இத்தனை காலமும் நினைத்திருந்தாள். "எங்க அப்பாம்மா பகல்ல மட்டும்தான் புருஷன் பொண்டாட்டி" என்று தன் கணவனிடம் கேலிகூடச் செய்திருக்கிறாள்.

"அப்ப இன்னொரு ஆளோட கை வேணும். நீங்க கையைக் கொடுங்கக்கா, ஒரு தடவை ஒழுங்கா எடுத்துடலாம்" என்றாள் அகராதிக்காரி.

மகள் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து வலது கையை நீட்டினாள். அவர் அதை மடியில் வைத்துக்கொண்டு குத்தினார், இணைத்தார். கேமராக்காரர் தலையசைத்தார். கிடைத்துவிட்டது.

ஆனால் மீசைக்காரர் நிறுத்தவில்லை. அவர் விரல் அவள் உள்ளங்கையில் ஓட ஆரம்பித்தது. குத்து, கோடு, சுழிப்பு, ஒரு தட்டு, மறுபடியும் கோடு. இதற்கு இரண்டு கை தேவையில்லை. இந்தப் பேச்சுக்கு அந்த இடது கை ஒன்றே தாராளம். குழறல் இல்லை, தடங்கல் இல்லை. மூன்று மாதமாகச் சேர்த்து வைத்ததை எல்லாம் கொட்டுவதுபோல் விரல் ஓடியது. முகம்கூட மாறியது. அம்மா இருந்தபோது இருந்த முகம்.

"என்னக்கா சொல்றார்?"

மகள் கண்ணை மூடித் தன் உள்ளங்கையைக் கேட்டுப் பார்த்தாள். குறுகுறுப்பு மட்டும்தான் தெரிந்தது.

"தெரியலை" என்றாள். கோர்ட்டில் ஒருநாளும் அவள் சொல்லாத வார்த்தை.

விரல் நின்றது. அவர் அவள் முகத்தைப் பார்த்தார். மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார், மெதுவாக, அழுத்தி அழுத்தி. காது கேளாதவரிடம் ஊரார் கத்திக் கத்திப் பேசுவார்களே, அப்படி. கத்தினால் மட்டும் கேட்டுவிடுமா? அவள் இல்லை என்று தலையாட்டினாள். அவர் அவளுடைய விரல்களை ஒவ்வொன்றாக மடித்து, கையை அவளிடமே திருப்பிக் கொடுத்தார்.

அகராதிக்காரி எழுதிக்கொண்டாள்: ஒருவர் உள்ளங்கையில் மற்றொருவர் போடுவது. கேமராக்காரர் வயர்களைச் சுருட்டினார். போகும்போது பெரியவருக்குக் கும்பிடு போட்டார்கள். அவர் சுவர்ப் பக்கம் திரும்பியிருந்தார்.

சாயங்காலம் அறை மங்கியது. விளக்கைப் போடப் போன மகள் சுவிட்சில் கைவைத்தபடி நின்றாள். பிறகு கட்டிலுக்குத் திரும்பி வந்து, அப்பாவின் இடது கையைத் தேடி எடுத்து விரித்தாள். அந்தப் பேச்சில் அவளுக்குத் தெரிந்தது ஒரே ஒரு சொல். இங்கே ஒரு குத்து, அங்கே ஒரு குத்து, மணிக்கட்டுப் பக்கம் ஒன்று. நகத்தால் இணைத்தாள்.

அவர் கையை இழுத்துக்கொள்ளவில்லை. கொஞ்ச நேரம் காத்திருந்தார், அடுத்த சொல் வரும் என்று. வரவில்லை. அப்புறம் கையை விடுவித்துக்கொண்டு, இருட்டில் தெரிகிற அளவுக்கு உயர்த்தி, சுவிட்சைக் காட்டினார்.

அவள் விளக்கைப் போட்டாள். வெளிச்சத்தில், அந்த ஒற்றைக் கையால், குழறலாக, அவர் தண்ணீர் கேட்டார்.