மூவாயிரம் வாட்ஸ் என்று எழுதிக் கொடுத்தேன்

என்னைத் திருடி என்று வாட்ஸ்அப் குழுவில் போட்டார்கள். அந்த வார்த்தையைப் போடவில்லை. "3000 வாட்ஸ் என்று எழுதிக் கொடுத்த பாய்லர். அளந்து பார்த்தால் 1982 வாட்ஸ். ஜாக்கிரதை" என்று போட்டார்கள். கீழே என் பட்டறை ரப்பர் ஸ்டாம்ப்பின் போட்டோ. அது சமையல் கான்ட்ராக்டர்கள் குழு. எனக்கு வேலை கொடுக்கிற எல்லோரும் அதில்தான் இருக்கிறார்கள்.

துவாக்குடியில் ஹீட்டர் காயில் சுற்றுகிற பட்டறை வைத்திருக்கிறேன். ஸ்ரீரங்கத்தில் கல்யாணச் சமையல் எடுத்துச் செய்யும் ஒரு மாமிக்கு ஐம்பது லிட்டர் வெந்நீர் பாய்லர் செய்து கொடுத்தேன். ஒரு மணி இருபது நிமிஷத்தில் கொதிக்கும் என்று சொன்னேன். இரண்டு மணி நேரம் ஆகிறதாம். மாமியின் தம்பி பிசிக்ஸ் வாத்தியார். அவர் மீட்டரை வைத்து வோல்ட்டையும் ஆம்பியரையும் அளந்து, பெருக்கி, குழுவில் போட்டுவிட்டார். முதலில் எனக்கு ஒரு போன் செய்திருக்கலாம். என் நம்பர் அந்த ரப்பர் ஸ்டாம்ப்பிலேயே இருக்கிறது.

இரண்டு பஸ் மாறிப் போனேன். மாமி வாசலிலேயே நின்றாள்.

"வாங்கோ. சண்டைக்கு வந்திருக்கேளா?"

"ஆமா மாமி."

"காபி குடிச்சிட்டுப் போடுங்கோ."

காபி வந்தது. வாத்தியாரும் வந்தார், கையில் ஒரு பேப்பரோடு.

"187 வோல்ட். 10.6 ஆம்பியர். பெருக்கினா 1982. இதுல என்ன சந்தேகம்? நீங்க என்னம்மா படிச்சிருக்கீங்க?"

"ஐ.டி.ஐ. வகுத்துப் பாத்தீங்களா சார்?"

"எதை?"

"வோல்ட்டை ஆம்பியரால வகுத்தா ஓம். 187ஐ 10.6ஆல வகுங்க."

போனை எடுத்து வகுத்தார். 17.6 வந்தது. பட்டறை நோட்டில் அந்தப் பாய்லருக்கு நேராக நான் எழுதி வைத்திருந்ததைக் காட்டினேன். 17.6 ஓம்.

"காயிலோட ஓம்தான் என் கையில இருக்கு. 230 வோல்ட் குடுத்தா இந்த ஓம் மூவாயிரம் வாட்ஸ் எடுக்கும். நீங்க 187 குடுக்கறீங்க. வோல்ட்டைக் குறைச்சுக் குடுத்துட்டு வாட்ஸைக் காணோம்னு என்னைக் கேட்டா?"

"தெருவுலயே வோல்டேஜ் கம்மியா இருக்கும்."

"இருக்கும். பாத்துடலாம்."

எனக்கு அளக்க வேண்டியது இரண்டு இடம். ஒன்று வாசலில் இருக்கிற மெயின் மீட்டர், இன்னொன்று சமையலறையில் இருக்கிற பாய்லர். சமையலறைக்குள் என்னை விட மாட்டார்கள். மடி, ஆசாரம். என்னை மட்டும் இல்லை, எந்த எலக்ட்ரீஷியனையும் விட்டதில்லை. மாமி அதைச் சங்கடத்தோடுதான் சொன்னாள். நான் சங்கடப்படாமல் கேட்டுக்கொண்டேன். நான் செய்த பாய்லர் உள்ளே போகலாம், நான் போகக் கூடாது. சரி.

வீடு முன் தெருவில் ஆரம்பித்துப் பின் தெருவில் முடிகிறது. வாத்தியார் உள்ளே போய்ப் பாய்லரைப் போட்டார். நான் என் மீட்டரோடு வாசலில் நின்றேன். இரண்டு பேரும் போனில் பேசினோம்.

"எனக்கு 187. அங்க?"

"215."

மறுபடி பார்க்கச் சொன்னார். பார்த்தேன். அதே 215.

"சார், 28 வோல்ட் உங்க வீட்டுக்குள்ளயே காணாமப் போகுது. அதை 10.6ஆல பெருக்குங்க."

"இருநூத்தித் தொண்ணூத்தி ஏழு."

"முந்நூறு வாட்ஸ்னு வச்சுக்கோங்க. அது தண்ணியச் சூடாக்கல. வேற எதையோ சூடாக்குது."

இதைச் சொல்லும்போது எனக்கு நல்ல சந்தோஷமாக இருந்தது. ஜெயித்துவிட்டேன். செய்தியை மாற்றிப் போடுங்கள் என்று சொல்லிவிட்டுக் கிளம்ப வேண்டியதுதான் என்று நினைத்தேன். செருப்பைக்கூட மாட்டிவிட்டேன். அப்புறம்தான் நான் சொன்ன வார்த்தை எனக்கே உறைத்தது. முந்நூறு வாட்ஸ் எதைச் சூடாக்குகிறது?

செருப்பைக் கழற்றிவிட்டு, மீட்டர் பெட்டியிலிருந்து போகும் வயரைப் பிடித்துக்கொண்டே நடந்தேன். மெல்லிய அலுமினிய வயர். மார்கழியில் வாசலில் சீரியல் செட் போட வாங்கினதாம். எலக்ட்ரீஷியன் சமையலறைக்குள் வரக்கூடாது என்பதால், வாத்தியாரே அதை இழுத்துக்கொண்டுபோய் உள்ளே பிளக் வைத்திருக்கிறார். தாற்காலிகமாக. மார்கழி போய் ஆடி வந்துவிட்டது.

கூடத்தைத் தாண்டும்போதே வயர் கையில் சுட்டது. ஸ்டோர் ரூமில் அது ஒரு மூட்டைக் குவியலுக்குள் நுழைந்தது. மூட்டைகளில் பந்திக்கு வைத்திருந்த தையல் இலை. எல்லாம் காய்ந்த சருகு. இரண்டு மூட்டையை இழுத்துப் போட்டேன். மீந்த வயரை வெட்ட மனமில்லாமல் பத்துப் பதினைந்து சுற்றாகச் சுருட்டி அடியில் வைத்திருந்தார்கள். மேல் உறை இளகி, சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. மேலே இருந்த இலைகள் பழுப்பேறி வளைந்திருந்தன.

"பாய்லரை அணைங்க!" என்று கத்தினேன். போன் தேவைப்படவில்லை.

வாத்தியார் வந்து பார்த்தார். மாமி வந்து பார்த்தாள். பக்கத்து அறையில்தான் அவர்களுடைய அம்மா படுத்திருந்தாள். எழுந்து நடக்க முடியாதவள்.

"அளந்தியே, இதையும் அளந்திருக்கப்படாதா?" என்றாள் மாமி தம்பியிடம். அவர் பேப்பரை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

மறுநாள் காலை நான் சமையலறைக்குள் போனேன். குளித்துவிட்டு வரச் சொன்னாள் மாமி. நான் தினமும் குளிக்கிறவள்தான் என்றேன். நான்கு சதுர மில்லிமீட்டர் செம்பு வயர், தனி ஃபியூஸ். போட்டு முடித்து அளந்தோம். பாய்லரில் 212 வோல்ட், 12 ஆம்பியர். 2544 வாட்ஸ். ஒன்றரை மணி நேரத்தில் கொதித்தது. மிச்சக் குறை தெருவுக்கு வரும் கரண்ட்டில். அதற்கு நான் ஸ்டாம்ப் அடித்துக் கொடுக்கவில்லை.

வாத்தியார் குழுவில் திருத்தம் போட்டார். "காயில் சரி. வயர் தவறு. வயர் போட்டது நான்." மூன்று வரி. மன்னிப்பு இல்லை. ஆனாலும் மூன்றாவது வரியை அவர் எழுதுவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

அடுத்த வாரம் காட்டூரிலிருந்து ஒரு சமையல்காரர் போன் செய்தார்.

"அந்த 1982 வாட்ஸ் அம்மாங்களா?"

"அதுக்குக் கீழ போட்டதைப் படிச்சீங்களா?"

"இல்லீங்க. போட்டோ மட்டும்தான் பாத்தேன். அதுலதான் உங்க நம்பர் இருந்துச்சு. எங்களுக்கு ஒரு பாய்லர் வேணும்."

"படிச்சுட்டுக் கூப்பிடுங்க" என்று வைத்துவிட்டேன்.

அரை மணி நேரம் கழித்துக் கூப்பிட்டார். படித்திருந்தார்.