பனியன் துணி மேல வெச்ச ரெண்டு காப்பி

கண்ணுகளா, போன ஆயுத பூஜை அன்னைக்கு நம்ம ஊட்டுல நடந்ததை நீங்களும்தான் பார்த்தீங்க. ஆனா அன்னைக்கு என்ன போச்சு, உங்கம்மா ஏன் கல்லு மாதிரி நின்னான்னு உங்களுக்குத் தெரியாது. அதைச் சொல்லத்தான் எழுதறேன்.

முதல்ல பாப்பாவோட சின்ன வயசுப் படங்களைப் பத்திச் சொல்லணும். பாப்பா, நீ தவழ ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே உங்கம்மா பனியன் கம்பெனி வேலைக்குத் திரும்பப் போயிட்டா. போகாம முடியலை. கம்பெனி வண்டி வெடிய வரும். சீசன்ல ஒன்றரை ஷிப்ட். அவ கிளம்பும்போதும் நீ தூங்குவே, திரும்பி வரும்போதும் தூங்குவே. நான் முதலிபாளையத்துல ஒரு சின்ன யூனிட்ல கட்டிங் மாஸ்டர். ஓனர் நல்ல மனுசன், உன்னையும் கூட்டிட்டு வரச் சொல்லிட்டார். துணி பண்டல் மேல உன்னை உட்கார வெச்சுட்டு வேலை பார்ப்பேன். நீ மொதமொதல்ல எந்திரிச்சு நடந்ததே கட்டிங் டேபிளுக்குப் பக்கத்துல, வெட்டிப் போட்ட துண்டுத் துணி மேலதான்.

உன் முதல் பல்லு, முதல் நடை, முதல் "ம்மா" எதையும் உங்கம்மா நேர்ல பார்க்கலை. எல்லாத்தையும் நான் போன்ல புடிப்பேன். மறுநாள் அவ அந்தப் போனைக் கம்பெனிக்கே வாங்கிட்டுப் போயி டீ நேரத்துல பார்ப்பா. உன்னோட அந்த வயசுன்னா, அவளுக்கு அந்த வீடியோதான். வேற ஒன்னும் கிடையாது.

போன் பழசாகி மக்கர் பண்ணவும் எல்லாத்தையும் லேப்டாப்புக்கு மாத்திட்டு, அந்தப் போனை வித்துட்டேன். கம்ப்யூட்டர் கடைத் தம்பி அப்பவே சொன்னான்: "அண்ணா, இது போதாதுங்க. ஹார்ட் டிஸ்க்ல ரெண்டு காப்பி போட்டு வெய்யுங்க. ரெண்டும் ஒரே எடத்துல இருக்கவே கூடாதுங்க."

எனக்கு அது உடனே புரிஞ்சுது. எங்க தொழில்லயும் அப்படித்தானே? ஆர்டர் குடுக்கற பையர் ஓகே பண்ணின சாம்பிள் ஒன்னு அவங்ககிட்ட, அதே மாதிரி ஒன்னு நம்மகிட்ட. அதனால ஒரு டிஸ்க்கை ஊட்டு பீரோவுல வெச்சேன், இன்னொன்னை யூனிட் அலமாரியில பாலிபேக்ல போட்டு வெச்சேன். இன்டர்நெட்ல ஏத்தி வெக்கச் சொல்லியும் அந்தத் தம்பி சொன்னான். ஏத்தினா இடம் பத்தலைன்னு வந்துது. ரெண்டு டிஸ்க் இருக்கையில அது எதுக்குன்னு விட்டுட்டேன்.

ஆயுத பூஜை வந்துது. யூனிட்ல மெசினைத் துடைச்சு, கத்திரிக்கோலுக்குச் சந்தனம் வெச்சு, பூஜையை முடிச்சுட்டு அலமாரியைத் திறந்தா அந்த டிஸ்க் கண்ணுல பட்டுது. அதையும் சட்டைப் பையில போட்டுட்டு ஊட்டுக்கு வந்துட்டேன்.

"ஏனுங்க, இதை எதுக்குங்க கொண்டாந்தீங்க?"ன்னு உங்கம்மா கேட்டா.

"வருசம் பூரா நம்ம புள்ளையைக் காவல் காக்குது. ஒரு நாளைக்குச் சந்தனம் வெக்க வேண்டாமா?"

"வெய்யுங்க, வெய்யுங்க. வயர் சொருகற ஓட்டைக்குள்ள அப்பிராதீங்க, மாஸ்டரே!"ன்னு சிரிச்சா. அன்னைக்கு அவ சிரிச்ச கடைசிச் சிரிப்பு அது.

டேபிள் மேல விரிக்க யூனிட்ல இருந்து வெள்ளைப் பனியன் துணி கொண்டாந்திருந்தேன். துணி கொஞ்சம் பத்தலை. இழுத்து, நாலு மூலையிலயும் கிளிப் போட்டேன். சும்மா தப்பட்டை மேளத்துத் தோல் மாதிரி விறைப்பா நின்னுது. பனியன் துணியை இழுத்து வெச்சா அது திரும்பத் தன் அளவுக்கு வரப் பார்க்கும். அதனாலதான் யூனிட்ல ரோலைப் பிரிச்சு நல்லா ஆற விட்டுத்தான் வெட்டுவோம். தினமும் நானே நாலு பேருக்குச் சொல்ற பாடம். சாமி டேபிள்ல அது நெனப்புக்கே வரலை.

அந்தத் துணி மேலதான் கும்பம், அதுக்கு முன்னாடி லேப்டாப், ரெண்டு பக்கமும் ரெண்டு டிஸ்க். கற்பூரம் காட்டி முடிச்சதும் மெசினை ஒரு சுத்து ஓட்டிப் பார்க்கறது வழக்கம் இல்லீங்களா? அதே மாதிரி லேப்டாப்பைப் போட்டு, ரெண்டு டிஸ்க்கையும் சொருகினேன். நீல லைட்டு ரெண்டும் மினுக் மினுக்குன்னுச்சு. தம்பி, நம்ம சின்னவனே, நீ கூடக் கை தட்டினே.

டக்குன்னு ஒரு சத்தம். கிளிப் ஒன்னு தெறிச்சு செவுத்துல அடிச்சுது. துணி சுர்ருனு சுருங்கிக் கும்பத்தோட அடியை இழுத்துட்டுப் போச்சு. நான் கையை நீட்டறதுக்குள்ள கும்பம் சாஞ்சுருச்சு. தேங்காய் ஒரு டிஸ்க் மேல விழுந்து அது கீழ போச்சு. தண்ணி அத்தனையும் லேப்டாப் மேலயும் இன்னொரு டிஸ்க் மேலயும். திரை ஒரு தடவை வெளுத்துது. அப்புறம் கருப்பு. நீல லைட்டு ரெண்டும் இல்லை.

கற்பூரம் மட்டும் எரிஞ்சுட்டே இருந்துது. தம்பி, நீதான் கேட்டே: "அப்பா, அக்கா படமெல்லாம் கரைஞ்சு போச்சா?"

உங்கம்மா என்னைத் திட்டியிருந்தாக்கூடத் தேவலை. ஈர டிஸ்க்கை எடுத்து முந்தானையில துடைச்சா. துடைச்சுட்டே இருந்தா. "ரெண்டு இருந்துச்சுங்களே"ன்னா. அவ்வளவுதான்.

எத்தனை வருசம் ரெண்டு எடத்துல பத்திரமா இருந்தது! நானே தேடிப் போயி, சட்டைப் பையில போட்டு, ஒரே டேபிளுக்குக் கொண்டாந்து சேர்த்திருக்கேன். அதை யோசிக்க யோசிக்க எனக்கே நம்ப முடியலை.

கடைத் தம்பி பார்த்துட்டுக் கோயமுத்தூருக்கு அனுப்பினான். விழுந்ததுல உள்ள தட்டே கீறிப் போச்சு, நனைஞ்ச டிஸ்க்கும் லேப்டாப்பும் எந்திரிக்கலைன்னு எல்லாம் திரும்பி வந்துருச்சு. "பூஜைக்கு வெச்சீங்களாண்ணா?"ன்னு திரும்பத் திரும்பக் கேட்டான். அவனுக்கும் நம்ப முடியலை.

அடுத்த ஞாயித்துக்கிழமை உங்கம்மா கூடக் கம்பெனியில துணி செக்கிங் பார்க்கற திருநெல்வேலி அக்கா ஊட்டுக்கு வந்தாங்க. அவங்க விஷயத்தைக் கேட்டதும் உங்கம்மா அழுதுட்டா. அந்த அக்கா போனை எடுத்து எதையோ தேடினாங்க.

"எதுக்குட்டி இப்படி அழுதுக்கிட்டு கெடக்க? நான் புது போன் வாங்குன அன்னைக்கு, டீ நேரத்துல உன்னைய ஒரு வீடியோ எடுத்தேம்லா? நீ கூட வேண்டாம்னு ஏசுனியே. இந்தா, பாரு."

பார்த்தோம். கம்பெனி மதில் ஓரம். உங்கம்மா கீழ உட்கார்ந்திருக்கா. என் பழைய போனை டிபன் பாக்ஸ் மேல சாய்ச்சு வெச்சிருக்கா. வெயில்ல அந்தப் போன் திரை வெள்ளையாத்தான் தெரியுது, உள்ள இருக்கற படம் தெரியலை. ஆனா சத்தம் கேக்குது. கட்டிங் மெசின் இரைச்சல். என் குரல்: "வா சாமி, வா, வா." அப்புறம் உன் சிரிப்பு, பாப்பா. உங்கம்மா உட்கார்ந்த எடத்துலயே ரெண்டு கையையும் அந்தப் போனுக்கு நேரா நீட்டறா. நீ நடந்து வந்து அவ மடியில விழப் போற மாதிரி. டீ டம்ளர் உருண்டு போகுது, அவ திரும்பிக்கூடப் பார்க்கலை.

நான் புடிச்ச அத்தனை வீடியோவும் எனக்குத் தெரியும். அதைப் பார்த்த அவ மூஞ்சியை நான் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை.

நான் போனைத் தொடவே பயந்தேன். பாப்பா, நீதான் வாங்கி மடத்துக்குளத்து மாமனுக்கு ஒன்னு, மூலனூர் பெரியம்மாவுக்கு ஒன்னு, கடைத் தம்பிக்கு ஒன்னுன்னு தட்டி விட்டே. இன்டர்நெட்லயும் ஏத்தினே. உங்கம்மா கண்ணைத் துடைச்சுட்டு, பூஜைக்கப்புறம் மொதமொதலா என்னைப் பார்த்து வாயைத் திறந்தா.

"ஏனுங்க, வர்ற ஆயுத பூஜைக்கு இவங்க அத்தனை பேரையும் போனோட வரச் சொல்லிராதீங்க."