கையைப் பின்னால் கட்டிக்கொண்ட மேஸ்திரி

கடலையே பார்த்திராத எங்கள் ஊரில், எங்கள் கிணற்றுக்குள் ஒரு படகு இன்ஜின் இருந்தது. ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று மதராஸ் ஜனங்கள் பெட்டி படுக்கையோடு கிளம்பின சமயம் அது. சித்தூருக்கு ஓடி வந்தவர்களில் ஒரு படகு முதலாளியும் இருந்தார். பெண்டாட்டி பிள்ளைகளை ரயிலில் தனியாக அனுப்பிவிட்டு, படகிலிருந்து கழற்றிய இன்ஜினோடு இவர் லாரியில் வந்து இறங்கினார் என்று ஊர் பேசிக்கொண்டது. கொஞ்ச நாளில் அவருக்கு அது பாரமாகிவிட, நைனா என்று நான் கூப்பிடும் என் அப்பா அதை வாங்கினார்.

நைனா மிஷன் பங்களாவில் தோட்டவேலை செய்தவர். ஊரான் நிலத்திலேயே உழைத்து மண்ணுக்குள் போன குடும்பம் எங்களுடையது. எங்களுக்கு முதல் நிலம் மனுப் போட்டுக் கேட்டதற்கு சர்க்கார் தர்காஸ்தில் கொடுத்தது, பாகாலாவுக்குப் பக்கத்தில், பாதி கல், பாதி முள். பயிர் வைக்காமல் தரிசாகப் போட்டால் பட்டா ரத்து என்பது நிபந்தனை. பக்கத்து நிலத்துக்காரர் அதற்காகவே காத்துக்கொண்டிருந்தார். தினமும் வரப்பில் வந்து நின்று, "என்னடா, உன் கப்பல் எப்ப பொறப்படுது?" என்று தெலுங்கில் கேட்பார். நைனா சிரித்துக்கொண்டே கும்பிடுவார். நான் அப்போது மிஷன் பள்ளியில் டீச்சர். பிள்ளைகளுக்கு எல்லாரும் சமம் என்று சொல்லிக்கொடுத்துவிட்டு வந்து இந்தக் கும்பிடைப் பார்க்க வேண்டும்.

கிணற்றின் பாதி ஆழத்தில் பாறையை வெட்டி ஒரு மேடை செய்து, இன்ஜினையும் பம்பையும் அங்கே இறக்கியிருந்தோம். இன்ஜினோடு ஒட்டின ஒரு கியர் பெட்டியும் கூடவே வந்தது. படகை முன்னால் செலுத்தவும் பின்னால் திருப்பவும் வைத்த பெட்டி. அதன் தண்டிலிருந்து ஒரு தோல் பெல்ட் போய்ப் பம்பைச் சுழற்றும். முதல் வருஷம் கரும்பு ஆள் உயரத்துக்கு எழுந்தது. இரண்டாம் வருஷம் பயிர் முழங்கால் உயரத்தில் இருக்கும்போது அந்தப் பெட்டி எண்ணெயாகக் கசிய ஆரம்பித்தது. மெக்கானிக் தேடும் படலம் அங்கே தொடங்கியது.

முதலில் சித்தூரில் லாரிகள் பார்க்கிற ஒருவன் வந்தான். வாயில் பீடி, வார்த்தைக்கு வார்த்தை இங்கிலீஷ். பெட்டியைத் திறந்து, உள்ளே இருந்த பித்தளையெல்லாம் தேய்ந்துபோய்விட்டது என்று மூட்டை கட்டி எடுத்துக்கொண்டு போனான். திரும்பி வந்தபோது பித்தளை இருந்த இடத்தில் ஏதோ பழைய இரும்பு. மூடினான், ஓட்டினான், கூலி வாங்கினான். கசிவு நின்றது. இன்ஜின் முன்னைவிட ஜோராக இரைந்தது. ஆனால் தண்ணீர் மேலே வரவில்லை. மறுநாள் ஆள் அனுப்பினால் அவன் வேலூர் போய்விட்டான் என்றார்கள்.

அடுத்தவர் எங்கள் சபை ஆள். மிஷன் தொழிற்பள்ளியில் படித்தவர், ஞாயிற்றுக்கிழமை காணிக்கைப் பை எடுத்துக்கொண்டு வருகிறவர். "சபை ஆளு பொய் சொல்லுவானா?" என்றார் நைனா. எங்கள் ஜனங்களுக்கு இது ஒரு வியாதி. வைத்தியரானாலும் கொத்தனாரானாலும் ஞானஸ்நானம் வாங்கியிருக்கிறாரா என்று பார்த்துவிட்டுத்தான் கைத்திறமையைப் பார்ப்பார்கள். அவர் ஸ்பேனரைத் தொடுவதற்கு முன்னால் எங்களை மேடையில் முழங்கால் போடவைத்து ஜெபம் பண்ணினார். நோவாவின் பேழையில் ஆரம்பித்து, கடலின்மேல் நடந்தது வரைக்கும் வந்தார். கர்த்தருக்கே கால் வலித்திருக்கும். பிறகு நல்லபடியாக ஓடிக்கொண்டிருந்த இன்ஜினைக் கழற்றினார். கசிந்த பெட்டிப் பக்கம் போகவே இல்லை. மூடின பிறகு ஒரு கை நிறைய நட்டு மிச்சம் இருந்தது. "இதெல்லாம் தேவையில்லாததும்மா, வெள்ளைக்காரன் சும்மா ஜாஸ்தி போட்டிருப்பான்" என்று என்னிடம் நீட்டினார். தண்ணீர் வராதது எங்கள் விசுவாசக் குறைவு என்று சபையில் சொல்லிவிட்டும் போனார்.

அதற்குள் கரும்புத் தோகை நுனியில் காய்ந்து சுருள ஆரம்பித்துவிட்டது. பக்கத்து நிலத்துக்காரர் கிண்டலை நிறுத்தி, ஊர்க் கணக்குப் பார்க்கிற கர்ணத்தோடு வந்து வரப்பை அளந்து பார்த்துவிட்டுப் போனார். அதைப் பார்த்த நைனா அன்றைக்குச் சாப்பிடவில்லை.

திருப்பதியில் அரிசி மில் இன்ஜின்களைப் பார்க்கிற ஒரு மேஸ்திரி இருக்கிறார், பொய் பேசமாட்டார், ஒரு ஆணியைக்கூட எடுத்துக்கொண்டு போகமாட்டார் என்று ரயிலடியில் சொன்னார்கள். நானே ரயிலேறிப் போனேன். மேஸ்திரிக்கு என்னைவிட நாலைந்து வயதுதான் கூட இருக்கும். நெற்றியில் பளிச்சென்று நாமம். ஊர், தெரு, தகப்பன் பேர் எல்லாம் விசாரித்தார். தெருவைச் சொன்னதுமே ஒரு எட்டுப் பின்னால் போனார். எனக்கு அது பழக்கம்தான். பழக்கம் என்பதால் எரிச்சல் குறைந்துவிடுவதில்லை.

"ஒளிவு மறைவு இல்லாம சொல்றேன். உங்க இஞ்சினை நான் தொடமாட்டேன். இங்க தூக்கிக்கினு வந்தா, நெருப்புல காட்டிட்டுத் தொடுவேன்" என்றார்.

"அதைக் கிணத்துலேருந்து தூக்க முடியாதுங்களே" என்றேன்.

"அப்ப நான் வந்து வாயால சொல்றேன். கை உங்க கை. திரும்பறப்ப சொர்ணமுகி ஆத்துல முழுகிட்டு வூட்டுக்குப் போறேன்."

இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் வெறுப்பே இல்லை. வண்டிக்கு எந்தச் சக்கரம் போடுவது என்று பேசுகிற முகம். வெறுத்திருந்தால் நானும் நாலு வார்த்தை கேட்டுவிட்டு வந்திருப்பேன்.

சொன்ன நாளில் வந்தார். கிணற்றுப் படியில் இறங்கி, மேடைக்கு மேல்படியில் நின்று, இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். தற்செயலாகக்கூட எதையும் தொட்டுவிடக் கூடாது என்பதற்காக. நாங்கள் இளநீர் எடுத்து வைத்தோம். அது அப்படியே இருந்தது.

"ஓட்டுடா" என்றார். அவருடைய அப்பா வயது நைனாவுக்கு.

"ஆவட்டும் சாமி" என்று நைனா ஓட்டினார். மேஸ்திரி ஒரு நிமிஷம்தான் பார்த்திருப்பார். "நிறுத்து. இஞ்சின்ல ஒண்ணும் இல்ல. படகு ரிவர்ஸ்ல போய்க்கினு கீது."

லாரிக்காரன் பெட்டியை மூடும்போது பின்னால் திருப்புகிற நிலையில் வைத்து மூடியிருக்கிறான். பம்பு தலைகீழாகச் சுற்றிக்கொண்டிருந்திருக்கிறது. அவ்வளவுதான் விஷயம். பெட்டியை மறுபடி திறந்தால் உள்ளே இருக்கிற ஓட்டை இரும்பு உடைந்துவிடும், யுத்த காலத்தில் மாற்றுச் சாமான் கிடைக்காது என்றார் மேஸ்திரி. பெல்ட்டை எட்டு வடிவத்தில் குறுக்கே மாற்றிப் போட்டால் பம்பு நேராகச் சுற்றும். ஆனால் இனிமேல் தண்ணீர் இழுக்கிற பாரம் இருப்பதால், பெல்ட்டோடு சேர்த்துக் கிளப்பினால் அந்த இன்ஜின் கிளம்பாது. ஓட விட்டபிறகுதான் பெல்ட்டைச் சக்கரத்தில் ஏற்ற வேண்டும். மில்லில் அவர் தினமும் செய்கிற வேலை அது. நைனா வாழ்நாளில் செய்ததில்லை.

"கட்டையால தள்ளு. ஏறினதும் கட்டைய வுட்டுடு. அர்த்தமாயிந்தா?"

"ஆச்சு சாமி."

தண்ணீர் வந்தால் சத்தம் கொடுக்கச் சொல்லி என்னை மேலே வாய்க்காலண்டை நிறுத்தியிருந்தார்கள். இன்ஜின் இரைந்தது. குழாய் இரண்டு தரம் செருமிவிட்டு, கொட்டியது பாருங்கள் தண்ணீர்! வாரக்கணக்கில் பார்க்காத தண்ணீர். "வந்துச்சு நைனா!" என்று நான் கத்தின அதே நேரத்தில் கீழே நைனா அலறினார்.

பெல்ட் ஏறியதும் கட்டை இடையில் மாட்டிக்கொண்டிருக்கிறது. விட்டிருக்கலாம். பெல்ட் அறுந்தால் வேறு கிடைக்காது என்று அதை உருவப் போயிருக்கிறார். சட்டைக்கை சுருண்டு, கட்டையோடு கையும் போய்விட்டது. நான் எட்டிப் பார்த்தபோது நைனா சக்கரத்தோடு சாய்ந்து கிடந்தார். இன்ஜினை நிறுத்துகிற கைப்பிடி மேஸ்திரியின் முழங்காலுக்கு நேரே இருந்தது. குனிந்து ஒரு தூக்கு தூக்கினால் போதும். அவருடைய கைகள் பின்னாலேயே இருந்தன.

"கைப்பிடியைத் தூக்கு! மேல தூக்கு! சீக்கிரம் வாம்மா!" என்று என்னைப் பார்த்துக் கத்தினார். குரல் உடைந்தது. கண்ணில் தண்ணீர்கூட நின்றது, சத்தியமாகச் சொல்கிறேன். ஒரு கை இன்னொரு கையை இறுக்கிப் பிடித்திருந்தது. அந்தக் கிணற்றுப் படி முழுக்க நான் விழுந்து எழுந்து இறங்கி வந்து கைப்பிடியைத் தூக்கினேன். நான் இடித்துவிடக் கூடாது என்று அவர் சுவரோரம் ஒதுங்கி வழி விட்டார். அவ்வளவு நேரமும் மேலே கரும்புக்குத் தண்ணீர் பாய்ந்துகொண்டிருந்தது.

மிஷன் ஆஸ்பத்திரியில் வலது கையில் கட்டைவிரலும் சுண்டுவிரலும் மிஞ்சின. சபை ஆள் பார்க்க வந்து, மாற்றுமதத்தானை நம்பினால் இப்படித்தான் என்று ஆறுதல் சொன்னார். நான் அவரை வெளியே போகச் சொன்னேன்.

மேஸ்திரிக்குக் கூலி கொடுத்து அனுப்பினோம். ஆள் அதைத் திருப்பிக் கொண்டுவந்துவிட்டான். "நான் தொடல. தொடாத வேலைக்கு எதுக்குக் கூலி?" என்று சொல்லியனுப்பியிருந்தார். அவரைவிட யோக்கியமான மெக்கானிக்கை நான் பார்த்ததில்லை. அவரைப்போல் நான் வெறுத்த மனிதனும் கிடையாது.

கரும்பு பிழைத்தது. பட்டாவும் நிலைத்தது. அடுத்த வருஷம் கோடையில் இன்ஜின் திரும்பவும் நின்றது. "அந்த மேஸ்திரிக்குச் சொல்லியனுப்பு" என்றார் நைனா. நான் காளியாட்டம் ஆடினேன். நைனா இடது கையால் கஞ்சியைக் குடித்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார்.

"தொட்டவன்லாம் திருடிக்கினு போனான். இவன் தொடல, திருடவும் இல்ல. வேற யாரைக் கூப்புடச் சொல்ற?"

தெரிந்த ஊர்களையெல்லாம் மனசுக்குள் சுற்றி வந்து பார்த்தேன், ஒருத்தன் இல்லை. மேஸ்திரி வந்தார், மேல்படியில் நின்றார், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். நைனாவால் ஸ்பேனர் பிடிக்க முடியாததால் நான் பிடித்தேன். பெல்ட் இந்த ஒரு வருஷம் நன்றாக உழைத்ததா என்று அவர் கேட்டார். உழைத்தது சாமி என்றேன்.