சோப்பு இல்லை, லிக்விட்

கோப்பையில் ரோஸ் நிறப் பொடியைத் தட்டி, மேலே அதை இறுக்குகிற, நெடியடிக்கும் லிக்விடை ஊற்றி மூடிவிட்டு நிற்கிறாள். மணி பார்ப்பதில்லை. மூடியைத் திறந்து கரண்டியால் ஒரு இழுப்பு. "நூல் விடுது. இன்னும் பதம் வரல." கொஞ்சம் பொறுத்து இன்னொரு இழுப்பு. ஒட்டாமல் பிரிந்து வந்தால் எடுத்துப் பிசைந்து அச்சில் அமுக்கிவிடுவாள். நாளைக்கு யாரோ ஒருவர் வாயில் ஈறாக உட்காரப்போகிற சமாச்சாரம் அது. பதினாறு வருஷமாக இதே வேலை. பல் கட்டும் அந்த லேபில் எல்லாருக்கும் அவள் பல்செட் அக்கா.

அந்த விரல்களைப் பார்த்தால் நமக்கே என்னவோ செய்யும். நுனியெல்லாம் தோல் உரிந்து, நகக்கண் வெடித்து, ஒரு ஊக்கு மாட்டுவதற்குள் நாலு தடவை 'ஸ்ஸ்' என்கிறாள். கைபேசி அவள் ரேகையை ஏற்பதை நிறுத்தி மாதக்கணக்காகிறது. "என் போனே என்னை யாருன்னு கேக்குது!" என்று சிரிப்பாள். பரிதாபப்பட்டால்தான் கோபம் வரும். "உச்சுக் கொட்டாதீங்க. களிம்பு இருந்தா குடுங்க."

ஆரம்பத்தில் தானாகவே ஒரு வைத்தியம் செய்துகொண்டாள். மெல்லிய ரப்பர் கையுறையை ஒன்றுக்கு இரண்டாக மாட்டி, காலையிலிருந்து சாயங்காலம்வரை கழற்றாமல் பிசைந்தாள். கை முன்னைவிட மோசமாகிவிட்டது. கடைசியில் தோல் டாக்டர், அவள் தொட்டுப் புழங்குகிற ஒவ்வொரு பொருளிலும் துளி வைத்த சின்னச் சின்ன ஒட்டுகளை அவள் முதுகில் வரிசையாக ஒட்டி, இரண்டு நாள் குளிக்கக்கூடாது என்று அனுப்பினார். பிரித்துப் பார்த்தால், லிக்விட் வைத்த இடம் மட்டும் தடித்துச் சிவந்திருந்தது. அந்த ரப்பருக்குள் லிக்விட் சில நிமிஷத்தில் இறங்கிவிடுமாம். "அட கடவுளே! நானே என் கையை அதுல ஊறப் போட்டிருக்கேனே!" என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

அன்றைக்கே முதலாளியிடம் போய் நின்றாள். லிக்விட் இறங்காத கையுறை வேண்டும், நெடியை வெளியே இழுக்கிற மின்விசிறி வேண்டும். பார்க்கலாம், பார்க்கலாம் என்று ஒரு வாரம் ஓட்டிய மனிதர், நேற்று அவளை அறைக்குக் கூப்பிட்டு ஒரு காகிதத்தை நீட்டினார். வீட்டில் புழங்கும் சோப்பால் கையில் அலர்ஜி வந்ததாகவும், அதனால் தானாகவே வேலையைவிட்டு நின்றுகொள்வதாகவும் டைப் அடித்திருந்தது. கையெழுத்துப் போட்டால் வேலையும் போச்சு, பழியும் அவள் தலையில். என்ன நெஞ்சழுத்தம் பாருங்கள்!

"எல்லாம் பாத்திரம் தேய்க்கிற சோப்புதாம்மா," என்றார் முதலாளி.

"எங்க வீட்ல பாத்திரம் தேய்க்கிறது எங்க வீட்டுக்காரர் சார். கல்யாணமான நாள்லருந்து அவர்தான். அவர் கை வெண்ணெய் மாதிரி இருக்கு. கூட்டிட்டு வரட்டுமா?"

கதவுக்கு வெளியே பல்லுக்குப் பாலீஷ் போட்டுக்கொண்டிருந்தவர் சிரிப்பை அடக்க முடியாமல் இருமினார். முதலாளிக்குச் சுருக்கென்றது. "கிளவுஸ் வாங்கிக் குடுத்திருக்கேன்ல? அதையும் மீறி லிக்விட் எப்படிம்மா கையில படும்?"

அவள் போய் லிக்விட் பாட்டிலையும் புதுக் கையுறை ஒன்றையும் எடுத்து வந்தாள். கையுறையின் ஒரு விரலுக்குள் கொஞ்சம் ஊற்றி, அவர் மேசைக்கு நேராகத் தூக்கிப் பிடித்தாள். இரண்டு பேரும் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். ரப்பர் விரல் மெல்ல மெல்ல உப்பியது. நெடி மூக்கைத் துளைத்தது. சில நிமிஷத்தில் வெளிப்பக்கம் ஈரம் மினுமினுத்தது.

"தொட்டுப் பாருங்க சார். வெறுங்கையால."

முதலாளி சட்டென்று கையை இழுத்துக்கொண்டார்.

"பயமா இருக்குல்ல? எனக்கு வேலையும் வேணும் சார், கையும் வேணும். ரெண்டுல எதையும் விடறதா இல்ல."

சொல்லிவிட்டு, ஈரம் கசிகிற அந்தக் கையுறையைக் காகிதத்தின் அடியில் கையெழுத்துக்காக விட்டிருந்த இடத்தில் பொத்தென்று போட்டாள்.