கண்ணாடிப் பெட்டிக்குள் என் கையெழுத்து

மூடிப்போன சுரங்கத்தைச் சுற்றிக்காட்டுகிற வேலையில் கல்லைப் பற்றி என்ன பொய் வேண்டுமானாலும் சொல்லலாம், கல் எதிர்த்துப் பேசாது. ஆளைப் பற்றிச் சொன்னால் அந்த ஆளே வந்து நிற்பார். வாயால் பிழைக்கிற யாருக்கும் இந்த அவஸ்தை தெரிந்திருக்கும்.

அரியலூர்ப் பக்கத்துச் சுண்ணாம்புக்கல் சுரங்கம் ஒன்றில் நான் வருகைப்பதிவு எழுதிக்கொண்டிருந்தேன். கல் தீர்ந்ததும் பள்ளத்தைச் சுற்றி வேலி போட்டு, படி கட்டி, சுற்றுலா இடமாக்கினார்கள். பழைய ஆள் என்று என்னையே வழிகாட்டியாக வைத்துக்கொண்டார்கள். அங்கே நான் சொன்ன பொய்கள் காற்றோடு போயின. முன்பு எழுதிய ஒன்றுதான் போகவில்லை.

முட்டை

ஒரு காலத்தில் கடல் கிடந்த இடம் என்பதால் கல்லில் சிப்பி நிறைய உண்டு. ஆனால் சிப்பிக்கு யாரும் வாய் பிளப்பதில்லை. அதனால் உருண்டைக் கல் ஒன்றை டைனோசர் முட்டை என்று காட்ட ஆரம்பித்தேன். கூட்டம் சேரவே, இன்னும் இரண்டைப் பொறுக்கிவந்து பக்கத்தில் வைத்தேன்.

லப்பைக்குடிக்காட்டுக்காரர் ஒருவர், துபாயிலிருந்து லீவில் வரும்போதெல்லாம் பிள்ளைகளைக் கூட்டிவருவார். இந்த முறை எண்ணிப் பார்த்துவிட்டு மரியாதையாகவே கேட்டார்.

"போன லீவுல ஒன்னுதான் காட்டுனீங்க, இப்ப மூணு இருக்கு. இன்னும் இட்டுக்கிட்டேதான் இருக்குதா சார்?"

பூட்ஸ்

வாசல் அறையில் ஹெல்மெட்டும் பூட்ஸும் போட்ட தொழிலாளி பொம்மை ஒன்று உண்டு. இப்படித்தான் எங்கள் ஆட்கள் வேலை பார்த்தார்கள் என்று தினமும் நெஞ்சை நிமிர்த்திச் சொல்வேன். அங்கே கல் சுமந்தவர்களுக்குச் செருப்பே கிடையாது என்பது எனக்குத் தெரியாதா என்ன?

சிறுவாச்சூர் கோயிலுக்குப் போய்விட்டு வேனில் வந்த பெண்களில் அஞ்சலையும் இருந்தார். இதே பள்ளத்தில் கல் சுமந்தவர். நான் பேசி முடிக்கும் வரை காத்திருந்து, குனிந்து பூட்ஸைத் தடவிப் பார்த்தார்.

"இவரு எந்த ஷிப்டுங்க சார்? நான் ஒரு நாளும் பாத்ததில்லீங்களே."

சிவப்பு மை

பொம்மைக்குப் பக்கத்துக் கண்ணாடிப் பெட்டியில் என் பழைய வருகைப்பதிவேடு இருந்தது. கையெழுத்து அழகாக விழுந்த பக்கமாகப் பார்த்து நான்தான் விரித்து வைத்தேன். எழுத்தைப் பார்த்தேனே தவிர, என்ன எழுதியிருக்கிறேன் என்று பார்க்கவில்லை.

அடுத்த வாரம் அஞ்சலை தன் கணவர் மருதையையும் கூட்டிவந்தார். அவரும் எங்களிடம் வேலை பார்த்தவர்தான். ஒரு நாள் பாறை சரிந்து வலது கால் போய்விட்டது. அன்று மேலாளர் சொன்னபடி, அவர் பெயருக்கு நேரே சிவப்பு மையில் 'வரவில்லை' என்று எழுதினேன். அந்த ஒரு சொல்லால், அவர் சுரங்கத்தில் அடிபட்டார் என்பதே இல்லாமல் போயிற்று. எங்கேயோ விழுந்தவர் என்று சொல்லி, நஷ்டஈடு தராமல் அனுப்பிவிட்டார்கள்.

கட்டையை ஊன்றியபடி மருதை, விரித்துக் கிடந்த அந்த நாள் பக்கத்தில் தன் பெயரைத் தேடிப் படித்தார். எனக்குப் பின்னால் இருபது பேர் நின்றார்கள். அவர் குரலை உயர்த்தவே இல்லை.

"நான் அன்னிக்கு வரலைன்னுதானே எழுதியிருக்கீங்க. அப்ப காலு மட்டும் தனியா வந்துச்சுங்களா சார்?"

மறுநாள் பெட்டியைத் திறந்து அந்தச் சொல்லை அடித்துவிட்டு, 'வந்தார், இங்கேதான் கால் போனது' என்று எழுதிக் கையெழுத்திட்டேன். நான் எழுதிய வரியை அப்படியே குறிப்பிட்டு, பாரம்பரியப் பொருளைச் சேதப்படுத்தியதற்காக ஆபீஸிலிருந்து எனக்கு மெமோ வந்தது. மருதையின் கால் போனதற்கு அந்த ஆபீஸில் இருக்கிற ஒரே அத்தாட்சி இன்றைக்கும் அந்த மெமோதான்.