லோகோவுக்குப் பின்னால்

"தூங்கி எழுந்தவன்கிட்ட உடனே பேச்சுக் கொடுக்காதே, முதல்ல அவன்..." என்பார், ரயில்வேயில் ஷிப்ட் பார்த்த என் பெரியப்பா. முகம் கழுவட்டும் என்றாரா, தேத்தண்ணி குடிக்கட்டும் என்றாரா, மறந்துவிட்டது. என் தொழிலே அந்த மிச்ச வாக்கியம்தான். கணினியைப் போட்டதும் முதலில் விழிப்பது கெர்னல் என்கிற அடிப்படை நிரல். அதோடு, பெட்டிக்குள் செருகிய ஒவ்வொரு மின்னணுக் கார்டையும் இணைப்பது மாடுல் என்கிற சிறு நிரல். கார்டு விழிப்பதற்குள் மாடுல் பேச்சுக் கொடுத்தால் மொத்தமும் கவிழும். கருப்புத் திரை, வெள்ளை எழுத்து, உடனே என் கைப்பேசி அடிக்கும். இதே பிழைப்பில் இருப்பவர்களுக்கு அந்த மணி தூக்கத்திலும் கேட்கும்.

ஏழாவது தடவை

போர்ட் கிள்ளான் துறைமுகத்தில் ஒரு கிடங்கு. லோரி எடை பார்க்கும் மேடையை இயக்குவது எங்கள் கம்பெனியின் கணினிப் பெட்டி. வாசலில் லோரிகள் வரிசையாக நிற்க, காவலர் முனியாண்டி நிதானமாகச் சுவிட்சை அணைத்து அணைத்துப் போட்டுக்கொண்டிருந்தார். ஆறு மாதமாக இப்படித்தானாம். புகார் செய்யவில்லையா என்றேன். செய்தாராம், இந்த வைத்தியத்தைச் சொல்லிக்கொடுத்ததே எங்கள் ஆபீஸ்தானாம். எனக்குக் காது சுட்டது. "கோவப்படாதீங்க அண்ணே, ஏழாவது தடவை வந்துரும் லா. அதுக்குள்ள ஒரு தே தாரிக் குடிச்சிட்டு வாங்க."

எழுத்தைப் பார்த்தால்

கோளாறைக் கண்டுபிடிக்க இரண்டு நாள். கார்டு விழிக்கும்வரை மாடுலைக் காத்திருக்கச் சொல்ல நாலே வரி நிரல். அனுமதி வாங்க ஷா ஆலம் ஆபீஸுக்குப் போனேன். மேனேஜர் குமரேசன் மறுத்துவிட்டார். ஒவ்வொரு இடத்திலும் அரை நாள் வேலையை நிறுத்திச் சோதிக்க வேண்டுமாம். தவறு நம்முடையது என்று தெரிந்துவிடுமாம். கவிழ்ந்தால் பெட்டி தானாகவே மறுபடி கிளம்பட்டும், அதுவரை திரையில் கம்பெனி லோகோ சுழலட்டும் என்றார். இருபது வருஷம் வெளிநாட்டில் இதே வேலை பார்த்துத் திரும்பியவன் நான். இப்படி ஒரு யோசனையைக் கேட்டதில்லை. கத்தினேன். அவர் பிஸ்கட் தட்டை என் பக்கம் நகர்த்தினார். "பாஸ், எழுத்தைப் பார்த்தா கஸ்டமர் போன் பண்ணுவான். லோகோவைப் பார்த்தா காத்திருப்பான்."

பிரிக்பீல்ட்ஸ், காலை ஏழு மணி

கத்தினேனே தவிர, லோகோவைப் போட்டதும் நான்தான். எல்லாப் பெட்டிகளிலும், ஆபீஸிலிருந்தே நெட்வொர்க் வழியாக, என் கையால்.

போன மாதம் பிரிக்பீல்ட்ஸில் ஒரு டயாலிசிஸ் மையத்துக்கு வேறு வேலையாகப் போயிருந்தேன். அங்கே டயாலிசிஸ் மெஷின்களுக்குப் போகும் தண்ணீரின் சுத்திகரிப்பை இயக்குவதும் அதே பெட்டி; அது எழாமல் எந்த மெஷினும் ஓடாது. கரண்ட் போய் வந்திருந்தது. லோகோ சுழன்றுகொண்டே இருந்தது. உள்ளே பெட்டி கவிழ்ந்து எழுந்து, மறுபடி கவிழ்வது எனக்கு மட்டும்தான் தெரியும். அப்டேட் ஆகிறது என்று நர்ஸ் எல்லோரையும் சமாதானப்படுத்திக்கொண்டிருந்தார், பாவம், அவரே அதை நம்பி. பெட்டி எழுந்தபோது ஐம்பது நிமிடம் போயிருந்தது. அடுத்த ஷிப்ட் ஆட்கள் வந்துவிடுவார்கள், யாருக்கும் நேரம் நீட்ட முடியாது. முதல் நாற்காலியில் இருந்த பெரியவர் என் சட்டையில் கம்பெனிப் பெயரைப் படித்தார். அவர் முகத்தில் கோபமே இல்லை; அதுதான் எனக்குத் தாங்கவில்லை. "லோகோ நல்லா இருக்கு தம்பி. நாலு மணி நேரம் மெஷின்ல இருக்கணும், இன்னைக்கு மூணுதான் கிடைக்கும். கால் வீங்கும், பரவால்ல."

அன்று மதியமே எல்லாப் பெட்டிகளிலிருந்தும் லோகோவை எடுத்துவிட்டு, கருப்புத் திரையில் 'இது எங்கள் மாடுலின் கோளாறு' என்று மலாயிலும் தமிழிலும் எழுதி, கீழே குமரேசனின் கைப்பேசி எண்ணைப் போட்டேன்.